சின்னவள் திரும்பும் விதம்

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமில்லை. லென்ஸ் தேய்க்கிற வேலைக்கு நடுவே ஒரு துண்டுத் தாளில் சின்னவளின் உதையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு நொடி என்பது அறுபது ஃபிரேம். எட்டாவது ஃபிரேமில் அவள் கால் எதிராளி மேல் படவேண்டும். ஐந்தில் பட்டால் யாராலும் தடுக்க முடியாது. பன்னிரண்டில் பட்டால் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பழைய கணினிச் சண்டை விளையாட்டு ஒன்றுக்கு எங்கள் இணையக் குழு புது ஆட்களைச் செய்து சேர்க்கிறது. இதுவரை வந்ததெல்லாம் தனி ஆட்கள். என்னுடையது ஜோடி. பெரியவளை நாம் நகர்த்துவோம், சின்னவள் தானாக ஓடிவந்து கூடச் சேர்ந்து அடிப்பாள்.

படம் வரைவது என் நாத்தனார். புருஷன் வீடு வேண்டாம் என்று எங்களிடம் வந்து நான்கு மாதம் ஆகிறது. நாங்கள் இரண்டு பேரும் சண்டையில்லாமல் பேசிக்கொள்வது இந்தச் சண்டையைப் பற்றி மட்டும்தான்.

மார்ச் 8, ஞாயிறு

குழுவில் ஒருவருக்குத் 'தாத்தா' என்று பெயர். வயது இருபத்தாறு, ஆட்டம் அவ்வளவு நிதானம். இன்று ஜோடியை அவரிடம் கொடுத்தோம். எதிராளியை நடுவில் நிறுத்தினார். முன்னால் பெரியவள், பின்னால் சின்னவள். உயிர் தீரும்வரை அவன் நகரவே முடியவில்லை.

"இது சண்டை இல்லீங்க, துணி துவைக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

இப்படியே இருந்தால் குழு இவளைச் சேர்க்காது. ஏழு மாத வேலை.

மார்ச் 10, செவ்வாய்

சின்னவளின் பலத்தைப் பாதியாகக் குறைத்தேன். எதிராளியின் சட்டையில் தூசி தட்டிவிடுகிற மாதிரி இருக்கிறது. பழையபடி ஆக்கிவிட்டேன்.

மார்ச் 14, சனி

காலையில் சாப்பாட்டு மேசையில் நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே நாத்தனார் வரைந்துகொண்டிருந்தாள். திடீரென்று பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணி, இவ்வளவு வேகமா ஓடுறவ திரும்பணும்னா முதல்ல நிக்கணும்ல? நம்ம சின்னவ நிக்காமலே திரும்புறாளே."

என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குதிகால் தரையில் தேய்ந்து, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, தலைமுடி மட்டும் முன்னால் போய்த் திரும்பி வருகிற மாதிரி நான்கு படம் வரைந்து தள்ளினாள். ஒரு படத்துக்கு மூன்று ஃபிரேம் வைத்தேன். மொத்தம் பன்னிரண்டு. எதிராளி சுதாரித்துத் தாவிவிட அது போதும்.

மாலை வரை ஆடிப் பார்த்தோம். அடியின் பலத்தில் கைவைக்கவே இல்லை. இருந்தும் சரியாகிவிட்டது. நான் பலத்தையே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அவள் காலைப் பார்த்திருக்கிறாள்.

மார்ச் 22, ஞாயிறு

தாத்தா ஜோடிக்கு எதிராக ஒன்பது ஆட்டம் ஆடினார். ஐந்தில் ஜெயம், நான்கில் தோல்வி. "தப்பிக்க வழி இருக்கு. ஆனா பயமா இருக்கு." இதைவிட நல்ல வார்த்தை எனக்கு வேண்டாம்.

மார்ச் 29, ஞாயிறு

வெளியிட்டாயிற்று. பாராட்டு வந்து குவிகிறது. எல்லோருக்கும் பிடித்தது அந்தத் திரும்பல்தான். "எப்படித் தோணிச்சு உங்களுக்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நன்றி என்று மட்டும் எழுதினேன்.

மார்ச் 30, திங்கள்

நாத்தனார் வெளியீட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டாள். 'உருவாக்கம்' என்ற இடத்தில் என் பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'படங்கள், உதவி' என்று அவள் பெயர்.

"நான் உதவியா பண்ணேன், அண்ணி?"

அவ்வளவுதான் கேட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 2, வியாழன்

கதவை அறைந்து சாத்தினால்கூடத் தேவலை.

ஏப்ரல் 4, சனி

இவரிடம் சொன்னேன். உங்க ரெண்டு பேர் நடுவுல நான் வரமாட்டேன் என்று பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, பேப்பருக்குப் பின்னாலிருந்தே, அவ சின்ன வயசுல வரைஞ்சதையெல்லாம் ஸ்கூல்ல வேற பிள்ளைங்க பேர்ல மாட்டினாங்க என்றார்.

இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன? சொல்லியிருந்தா மட்டும் நான் ஒழுங்கா எழுதியிருப்பேனா? அவசரத்துல எழுதினேன்னு எனக்கே நான் சொல்லிக்கிறேன் — பொய். அந்த வரியை மூணு தடவை மாத்தி எழுதினேன். முதல் தடவை ரெண்டு பேர் பேரும் பக்கத்துல பக்கத்துலதான் இருந்துச்சு.

ஏப்ரல் 5, ஞாயிறு

பக்கத்தைத் திருத்தினேன். உருவாக்கம்: இருவர். திரும்பல் யோசனை அவளுடையது, பாராட்டை நான் வாங்கிக்கொண்டது தவறு என்று குழுவிலும் எழுதினேன். பிறகு அவள் அறை வாசலில் போய் நின்று சொன்னேன்.

"இப்ப மாத்தினது சரி. அப்ப எழுதும்போது என்ன நினைச்சீங்க?"

"இந்த ஒண்ணாவது என்னோடதா மட்டும் இருக்கணும்னு நினைச்சேன்."

"அது புரியுது" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

நாத்தனார் தனி அறைக்குப் போய்விட்டாள். பெயர்ப்பலகை எழுதும் பட்டறையில் வேலை, அதற்குப் பக்கத்திலேயே மாடியில் அறை. என்னால்தானா என்று கேட்டேன். அறைக்கு மார்ச் தொடக்கத்திலேயே சொல்லிவைத்தாளாம். நம்புவதா? நம்புகிறேன்.

அவள் புறப்படும்போது ஜோடியின் கோப்புகள் எல்லாவற்றையும் அவளுக்கு அனுப்பினேன். இதுவரை படங்கள் மட்டும்தான் அவளிடம் இருந்தன. எண்களைத் திருத்தவும் வெளியிடவும் இனி அவளுக்கும் உரிமை உண்டு.

மே 3, ஞாயிறு

காலையில் குழுவைத் திறந்தால் ஒரே கூச்சல். புதுத் திருத்தம் ஒன்று வெளியாகியிருக்கிறது. என்னை யாரும் கேட்கவில்லை. பெரியவளின் நடை வேகமாகியிருக்கிறது. பிடிக்கவே முடியவில்லை, ஆட்டம் கெட்டுப்போச்சு என்று தாத்தாவே கோபப்பட்டிருக்கிறார். யார் செய்த வேலை இது என்று கடைசியாகக் கேட்டிருந்தார்.

எனக்கும் கோபம்தான். பதில் எழுத விரலை வைத்தேன். அதற்குள் கீழே வந்துவிட்டது, அவள் பெயரில், ஒரே வார்த்தை:

"நான்தான்."

விரலை எடுத்துக்கொண்டேன்.