வேண்டாம் என்றால் வேண்டாம்

கள்ளப்பாடு,
முல்லைத்தீவு.
20.03.2024

அன்புள்ள மச்சான் இன்னாசித்தம்பிக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் அற்புதமும் நடமாடித் திரிகிறோம். அங்கே குளிர் குறைந்ததா, உன் முழங்கால் எப்படி என்று முதலில் எழுது. போனில் கதைத்தால் உனக்குக் காது கேட்காது. நான் கத்துகிற கத்தில் அயல் சனம் ஏதோ சண்டை என்று ஓடிவருகிறது. தட்டி அனுப்பலாமென்றால் என் தடித்த விரலுக்கு ஒரு சொல்லுக்கு மேல் வராது. ஆகவே முத்திரை ஒட்டித்தான் உன்னோடு கதைக்க வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். வாடைக்காற்று ஓய்ந்து கடல் படுத்துவிட்டது. மீனவர் சங்கத்து ஒலிபெருக்கியிலும் எச்சரிக்கை ஒன்றும் இல்லை. விடியப்புறம் கரையில் நின்று "போகலாமோ?" என்று உனக்கு அனுப்புகிறேன். நீ கனடாவிலிருந்து "வேண்டாம்" என்று போடுகிறாய். இந்த மாதம் அனேகமாக ஒவ்வொரு நாளும் வேண்டாம்தான். மற்ற வள்ளங்கள் என் கண் முன்னால் போய் அறக்குளா மீனோடு வருகின்றன. நான் நம் வள்ளத்தில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது இரண்டு குடும்பத்துக்கு ஒரு வள்ளம் என்று தந்தார்களே, அன்றைக்கு நாம் வைத்த சட்டம் அது. ஒருவர் வேண்டாம் என்றால் வள்ளம் இறங்காது, மற்றவர் காரணம் கேட்கக்கூடாது. நீ மகளிடம் போய்ச் சேர்ந்த பிறகும் வேண்டாம் என்று சொல்கிற வாக்கு உன்னிடம்தான் இருக்கிறது. ஆனால் அற்புதம் கேட்கிறாள்: "அவர் அங்கை பனிக்குள்ள இருந்துகொண்டு இஞ்சத்தைக் கடலை எப்பிடிப் பாக்கிறார்?" அவளுக்கு நீயே பதில் எழுது.

உன் இடத்தில் இப்போது ஆண்டியப்பன் வருகிறான். பூவரசங்குளத்துக்காரன். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். முதல் கிழமை முழுக்கக் கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்தான், இப்போது வலை நன்றாகப் பிடிக்கிறான். நான் கடலுக்குப் போகாவிட்டால் அவனுக்கும் தொழில் இல்லை.

உன்
வின்சன்


ஸ்காபரோ.
11.04.2024

அன்பு வின்சன்,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று உடைத்து வாசித்தேன். பாதியில்தான் சப்பாத்துக் கழற்றவில்லை என்று கண்டேன்.

அற்புதத்துக்குச் சொல், நான் பனிக்குள் இருந்து பார்க்கவில்லை, குசினி மேசையில் இருந்து பார்க்கிறேன். மகள் ஜெயரூபினி என் போனில் காற்றுப் படம் ஒன்று போட்டுத் தந்திருக்கிறாள். முல்லைத்தீவில் விரலை வைத்தால் காற்று எவ்வளவு, அலை எவ்வளவு என்று காட்டும். உனக்கு விடியப்புறம் என்றால் எனக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். கோப்பையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன். இருபத்திரண்டு, இருபத்துநாலு என்று காட்டுகிறது. காற்றின் வேகம் இருபது நொட்டுக்கு மேல் போனால் நாம் எப்போதாவது இறங்கினோமா? நம்பாவிட்டால் மகள் அந்தப் படத்தை அனுப்புவாள், பார். சங்கத்து ஒலிபெருக்கி முழு ஊருக்கும் பொதுவாகச் சொல்வது. உனக்கென்று பார்க்கிறவன் நான் ஒருவன்தான்.

நினைவிருக்கிறதா, ஒரு தேத்தண்ணீரை மாறி மாறிக் குடித்துக்கொண்டு மேகம் பார்ப்போமே. நீ தெற்கே பார்ப்பாய், நான் கிழக்கே பார்ப்பேன். நீ எப்போதும் "வெளிக்கிடு" என்பாய், நான் எப்போதும் "பொறு" என்பேன். இங்கே நான் பொறு என்று சொன்னால் கேட்க ஒருவருமில்லை. பஸ்காரன்கூட நான் ஏறுமுன் கதவைப் பூட்டுகிறான்.

குளத்துத் தண்ணீர் பார்த்தவனை வெளிக்கடலுக்குக் கூட்டிப்போகிறாய். கவனம்.

இன்னாசித்தம்பி


கள்ளப்பாடு.
05.05.2024

அன்புள்ள மச்சான்,

சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது என்று அற்புதம் படுத்துவிட்டாள். உன் மகள் அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தவள் அவள்தான். "இஞ்சை பாருங்கோ, இது கிலோமீற்றர்! இந்த மனுசன் நொட் எண்டு வாசிச்சுப் பாதிக் காத்துக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்!" என்றாள். இருபத்திரண்டு கிலோமீற்றர் என்றால் பன்னிரண்டு நொட்டும் வராது. அது சேலை காயப்போடுகிற காற்று மச்சான்.

ஜெயரூபினிக்கு அன்றைக்கே சொல்லிவிட்டோம், அவளும் மாற்றிவிட்டாளாம். நீ வெட்கப்படாதே. நம்முடைய பழைய போனில் நொட்டில்தானே காட்டியது, யாருக்கும் வரக்கூடிய பிழைதான். இனி "ஓம்" வரும் என்று பார்த்திருக்கிறேன். ஆண்டியப்பனும் பார்த்திருக்கிறான்.

வின்சன்


ஸ்காபரோ.
27.05.2024

வின்சன்,

அற்புதம் இன்னும் சிரிக்கிறாளா? சிரிக்கட்டும். இங்கே மகளும் மருமகனும் சாப்பாட்டு மேசையில் "எத்தினை நொட்?" என்று கேட்டுத்தான் கறி பரிமாறுகிறார்கள்.

இலக்கம் இப்போது சரிதான். ஆனால் சோழகக் காற்றுத் தொடங்கிவிட்டது. கரையில் நின்று பார்க்கிறவனுக்குக் கடல் பாய் விரித்தமாதிரி இருக்கும், வெளியே போனவனை அந்தக் காற்று இன்னும் வெளியே இழுக்கும். இலக்கம் சின்னதாக இருந்தால் மட்டும் என்ன? எனக்கு மனம் ஒப்பவில்லை. கொஞ்ச நாள் பொறு.

இன்னாசித்தம்பி


கள்ளப்பாடு.
24.06.2024

மச்சான்,

இதை எழுதப் பேனையை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன்.

படம் திருத்தியாகிவிட்டது. எட்டு நொட், ஒன்பது நொட் என்று காட்டுகிறது. பிறகும் உன்னிடமிருந்து வேண்டாம்தான். சோழகம் வெளியே இழுக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதற்காகத்தானே நாம் வெள்ளனப் போய், காற்று ஏறுமுன் திரும்பிவிடுவோம்.

அந்தோனியார் திருநாள் முடிந்த மறுநாள் ஆண்டியப்பன் பையோடு வந்து நின்றான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கிளிநொச்சியில அரிசி ஆலையில வேலை இருக்குதாம். ராஜினி முழுகாம இருக்கா. கரையில நின்னு மத்தவங்க மீனைப் பாத்துக்கிட்டே இருக்க முடியலண்ணே" என்றான். மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது அவன் கேட்டதில் என்ன பிழை? "பையை வள்ளத்துக்குள்ள வை" என்றேன். அடுத்தநாள் விடிய உனக்கு நான் ஒன்றும் அனுப்பவில்லை. போனை அற்புதத்திடம் கொடுத்துவிட்டு இறங்கினோம்.

நல்ல கடல். மீனும் பட்டது. ஆனால் வள்ளத்தில் நீ வழக்கமாக இருந்த இடத்தைப் பார்த்து ஏதோ சொல்ல இரண்டு தரம் வாயெடுத்துவிட்டேன். ஆண்டியப்பன் "என்னண்ணே?" என்று கேட்டான். "ஒண்டுமில்லை" என்றேன்.

திரும்பி வரும்போதுதான் எனக்கு விளங்கியது. நீ காற்றைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ ஓம் என்று சொன்னால், நான் உன்னை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறேன். ஒவ்வொரு நாளும் போகிறேன். அதுதான் உனக்கு ஏலாது. எனக்கும் அது ஏலாமல்தான் இவ்வளவு நாளும் கரையில் நின்றேன்.

போன கிழமை ஒருநாள், தள்ளுவதற்கு வள்ளத்தில் கை வைத்த நேரம் ஆண்டியப்பன் சொன்னான்: "இன்னைக்கு வேணாம்ண்ணே." வானத்திலும் ஒன்றும் இல்லை, போனிலும் ஒன்றும் இல்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. இருவரும் கடைக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்தோம். போனவர்கள் எல்லாரும் சுகமாகத் திரும்பி வந்தார்கள். அப்போதும் நான் கேட்கவில்லை.

வள்ளத்தில் உயிரை வைத்துக்கொண்டு வருகிறவனுக்குத்தான் அந்த வாக்கு மச்சான். உன்னுடையதை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். கோபமென்றால் கோபி. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

வின்சன்


ஸ்காபரோ.
18.07.2024

அன்பு வின்சன்,

யாரைக் கேட்டு என் வாக்கைக் கொடுத்தாய் என்று உனக்கு நாலு பக்கம் எழுதினேன். தபாலில் போடுமுன் ஜெயரூபினி வாங்கி வாசித்தாள். "அப்பா, வின்சன் மாமா கடலுக்குப் போறார். நீங்கள் எங்கை போறியள்?" என்றாள். நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

நீ எழுதியது சரி. காற்றுக் குறைந்து படம் பச்சையாக இருந்தால்தான் எனக்குச் சாப்பாடு பிடிக்காது. காற்றுக் கூடிச் சிவப்பென்றால் நிம்மதி. அன்றைக்கு நீயும் போகமாட்டாய், நானும் போகமாட்டேன், இருவரும் ஒரே கரையில் நிற்கிறோம் என்று இருக்கும். அறுபது வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. உன்னை விட்டுவிட்டு இங்கே வந்தவன் நான்தான், உன்னைக் கரையில் மறித்து வைத்தவனும் நான்தான்.

ஆண்டியப்பனைக் குளத்துத் தண்ணீர் பார்த்தவன் என்று எழுதிவிட்டேன். அவனுக்கு அது தெரியவேண்டாம். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றானே, கடலுக்கு அந்தத் துணிவு போதும். அவன் வேண்டாம் என்கிற நாளில் முகத்தைச் சுளிக்காதே. நீ கேட்கமாட்டாய், ஆனால் சுளிப்பாய். எனக்குத் தெரியாதா? ராஜினிக்குப் பிள்ளை பிறந்ததும் எழுது, மகள் உடுப்பு அனுப்புவாள்.

இனி விடியப்புறம் என்னைக் கேளாதே. கேட்டால் என் விரல் தன்பாட்டில் வேண்டாம் என்று போட்டுவிடும். நீங்கள் போய்விட்டு வந்து, வள்ளத்தைக் கரையில் இழுத்து வைத்த பிறகு, "வந்திட்டம்" என்று ஒரு சொல் அனுப்பு. அந்த நேரம் இங்கே எல்லாரும் படுத்திருப்பார்கள், நான் முழித்திருப்பேன். அதற்கு மட்டும் நான் "ஓம்" என்று போடுவேன்.

உன்
இன்னாசித்தம்பி