முன்னறையில் தானாக விழுந்த எழுத்துகள்

ஜூலை 8, 1996 – திங்கள்

மழை விடவில்லை. இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு, உள்ளே அரிக்கிறது. முன்னறையில் என் கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடக்கிறது. உள்ளறையில் கட்டில் போக மேசைக்கு இடமில்லை. கட்டிலை முன்னறைக்குக் கொண்டுபோனால் டைப் அடித்து வாங்க வருகிறவர்கள் எங்கே நிற்பார்கள்? இன்றும் இரண்டு பேர் வந்து திரும்பிப் போனார்கள்.

ஜூலை 10

விபத்துக்கப்புறம் என் வீட்டுக்காரர் சேலத்துக்கு ஆளேற்றும் ஜீப்பைத் தொடுவதேயில்லை. கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த லாரிக்கு விலக ஸ்டியரிங்கை ஒடித்ததில் வண்டி சரிந்தது. அவருக்குச் சிராய்ப்பு, எனக்குத் தொடை எலும்பு. எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. சொல்லியும் பார்த்துவிட்டேன். கஞ்சி வைத்துத் தருகிறார், முதுகு துடைத்துவிடுகிறார். முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. இதற்கு என்ன கட்டுப் போடுவது?

ஜூலை 14 – ஞாயிறு

பூசை முடிந்து ஜெயமேரி சிஸ்டர் வந்தார். கான்வென்ட் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறவர். அவர்களுடைய பரீட்சைத் தாள்களை அடித்துக்கொடுப்பது நான்தான். வேறு ஆள் பார்த்தாயிற்று என்று சொல்ல வந்திருக்கிறார் என நினைத்தேன்.

"காலாண்டுத் தாளை யாரு அடிக்கறது சாந்தா?"

"நான் எப்படிங்க சிஸ்டர், இந்தக் காலோட?"

"பள்ளியில ஒரு லேப்டாப் சும்மா கெடக்குது. ஹார்ட் டிஸ்க் போயிருச்சு, எதையும் சேத்து வெக்காது. ஆனா திரையும் கீபோர்டும் நல்லாருக்கு. அதையே உன் கம்ப்யூட்டருக்குத் திரையும் கீபோர்டுமா ஆக்கிப் பாக்கலாம்."

விளங்கவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

ஜூலை 17

விளங்கிவிட்டது. சிஸ்டர் முன்னறையிலிருந்து கதவோரமாக நீளமான கேபிள் ஒன்றை இழுத்தார். இரண்டிலும் பிளாப்பி போட்டு ஏதோ செய்தார். முதலில் லேப்டாப்பில் வெறும் குப்பை எழுத்துகள். வேகத்தைக் குறைத்தார். அப்புறம் – என் கம்ப்யூட்டர், என் மடியில். நான் பெயரிட்டு வைத்த ஃபைல்கள் எல்லாம் வரிசையாக. தொட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்தை அடித்தேன்.

முன்னறையிலிருந்து வீட்டுக்காரர் குரல்: "சாந்தா, இங்க தானா எழுத்து உழுகுது."

கேட்காமலே அவர் பேசியது விபத்துக்கப்புறம் இதுதான் முதல்.

ஜூலை 18

ஒரு முழு வினாத்தாள் முடித்தேன். கொஞ்சம் அழுதேன். வலியால் இல்லை.

ஜூலை 29

நான் உள்ளே அடிக்கிறேன். அவர் முன்னறையில் தாள் வைத்துப் பிரின்ட் எடுக்கிறார். தலைச்சோலையிலிருந்து காளியாயி விண்ணப்பம் அடிக்க வந்தாள். ஆளில்லாத கீபோர்டையும் ஓடுகிற எழுத்தையும் பார்த்துப் பின்வாங்கியிருக்கிறாள்.

"ஏனுங்கண்ணா, பேயா அடிக்குதுங்க?"

"பேயில்லீங்க, ஊட்டுக்காரி."

சிரித்ததில் கால் வலித்தது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 9

மதியம். ஒன்பதாம் வகுப்பு விலங்கியல் தாள். தவளையின் இதயத்தில் நிறுத்தி, பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தொடாமலே திரையில் ஓர் எழுத்து வந்தது. பிறகு இன்னொன்று. முன்னறையில் அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கிறார். ஆங்கில எழுத்தில், நம் பேச்சு.

'என்னாலதான்.' வெகுநேரம் கழித்து: 'மன்னிச்சிரு.'

வாய்விட்டுச் சொல்ல முடியாதது அவருக்கு இப்படித்தான் வந்ததா? நானும் அடித்தேன்: 'நீங்க ஒடிக்காட்டி லாரிக்கு அடியில போயிருப்போமுங்க. அதனாலதான் இருக்கறேன். வண்டிய எடுங்க.'

நாற்காலி நகரும் சத்தம். வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தார்.

அவர் போனபின் அந்த வரிகளை அழித்தேன். விட்டிருந்தால் பிள்ளைகள் அதற்கும் விடை எழுதியிருப்பார்கள்.

செப்டம்பர் 6

சேலத்தில் கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சியாகக் கிடந்தது, ஆனால் என் கால். ஜீப்பை அவரே ஓட்டினார். போகும்போது அந்த வளைவு வராத குப்பனூர் வழி. திரும்பும்போதும் அப்படியே போகலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் சாந்தா. மெயின் ரோட்லயே போலாம்."

அந்த வளைவில் கியரை மாற்றினார். ஏறிவிட்டோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

செப்டம்பர் 20

லேப்டாப்பைத் துடைத்துப் பள்ளிக்கு அனுப்பினேன். என் ஜெபத்தில் தினமும் சிஸ்டர் பெயர் இருக்கிறது.

கம்பூன்றி வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தேன். ஜன்னலுக்கு அப்பால், ஒண்டிக்கடை ஜீப் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிடுவது கேட்டது: "சேலம், சேலம். இன்னும் ரெண்டு பேருங்க, ஏறுங்க."

அதைக் கேட்டுக்கொண்டே ஒரே வரியை இரண்டு முறை அடித்துவிட்டேன்.