கூடாரத்து வாசலில் ஒரு கெண்டி

என் கண்மணி அவாஸ்பெக்குக்கு, அப்பா எர்காஷ் சொல்லச் சொல்ல உன் மனைவி மஸ்தூரா எழுதுவது. இறைவன் கருணையில் வீட்டில் மனிதரும் மாடும் சுகம். மாஸ்கோவில் நீயும் உன்னோடு கட்டடச் சாரம் ஏறுகிற பிள்ளைகளும் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியை மலை விழுங்கிவிடுகிறது, அதனால்தான் அங்கே வருகிற பக்கத்து வீட்டுக் கோசிமின் மருமகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் அம்மாவுக்குப் பல்வலி விட்டுவிட்டது, மறுபடி எல்லோரையும் திட்டுகிறாள். பழுப்புப் பசு கிடேரி போட்டிருக்கிறது.

மேலறையைச் சரிசெய்து விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று மஸ்தூரா பிடிவாதம் பிடித்தாளே, முதல் விருந்தாளி வந்துவிட்டுப் போயாயிற்று. அல்மாத்தியிலிருந்து சல்தனாத் என்று ஒரு கசாக் பெண், மரப்பொந்துகளில் குடும்பம் நடத்தும் பறவைகளைப் படமெடுப்பவள். வந்த அன்றே ஒளிக்காமல் சொல்லிவிட்டாள், பறவை பார்க்கிறவர்களை வருஷாவருஷம் கூட்டமாக அழைத்துப் போவது அவள் தொழிலாம், இங்கே நல்ல படம் அமைந்தால் வரும் வசந்தம் முழுக்க நம் வீட்டில்தான் தங்குவார்களாம், அமையாவிட்டால் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்விடுவார்களாம். அதைக் கேட்டு மஸ்தூரா தேநீர்க் கிண்ணத்தை நீட்ட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மேலறையில் ஆள் இருந்தால் நீ அந்தச் சாரத்தை விட்டு இறங்கி வீட்டுக்கு வரலாம், அவள் மனசில் ஓடியது அதுதான். இதை எழுதமாட்டேன் என்கிறாள், நான் எழுது என்றேன்.

ஊற்றுக்குப் போகிற பாதையோரம் இடி விழுந்த அக்ரூட் மரம் இருக்கிறதல்லவா, அதில் ஆள் உயரத்தில் வெள்ளைத்தோள் மரங்கொத்தி பொந்து குடைந்து குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகள் தலையை நீட்டிக் கத்தத் தொடங்கிவிட்டன, இன்னும் சில நாளில் பறந்துவிடும் என்ற நிலை. ஆணும் பெண்ணும் ஒன்றாகப் பொந்து வாசலில் நிற்கிற படம்தான் வேண்டுமென்று எதிரே இலைநிறத்தில் ஒரு சின்னக் கூடாரம் கட்டி அதற்குள் உட்கார்ந்தாள். பறவைகள் கூடாரத்துக்குப் பழகிவிட்டன, நம் ஊரார்தான் பழகவில்லை. விருந்தாளி உட்கார்ந்திருக்க சலாம் சொல்லாமல் போகிறவன் நம்மில் உண்டா? கோசிம் மாடு ஓட்டிக்கொண்டு வந்தவன் கூடாரத்துக்கு முன் நின்று அவள் சுகம், அப்பா சுகம், அம்மா சுகம், அல்மாத்தியில் மழை எப்படி என்று விசாரித்தான். அவள் உள்ளிருந்து கிசுகிசுத்தாள், அவனோ, பாவம் இவளுக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்கக் கேட்டான். அவன் பெண்டாட்டி ஹதீச்சா சுடச்சுட ரொட்டியும் பாலேடும் கொண்டுபோய்க் கூடாரத்துக்குள் நீட்டினாள். மரங்கொத்திகள் வாயில் புழுவோடு எட்டத்துக் கிளையில் காத்துக் கிடந்தன. நான் போய் அந்தப் பக்கம் வராதீர்கள் என்றதற்குக் கோசிமுக்கு ரோஷம் வந்துவிட்டது. “விருந்தாளியக் காட்டுல அநாதையா உக்கார வச்சிட்டு, சலாம்கூடச் சொல்லாதேங்கிறியே, நல்ல வீடுண்ணே உன் வீடு” என்றான்.

நம்மூரில் யாருக்கு சலாம் சொல்லமாட்டோம் என்று யோசித்தேன். தொழுகிறவனுக்குச் சொல்லமாட்டோம், ஆனால் தொழுகையில் பொய் கூடாது. இன்னொருவன் யார் என்று உனக்கே தெரியும், தண்ணீரோடு ஒதுங்கியவன். நம் கொல்லைக் கழிப்பறையில் இருக்கும் தகரக் கெண்டியைத் தண்ணீரோடு கொண்டுபோய்க் கூடாரத்து வாசலில் வைத்தேன், அவ்வளவுதான். கோசிம் கெண்டியைக் கண்டதும் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு மாட்டை அவசரமாக அடித்து ஓட்டினான். பெண்கள் தூரத்திலேயே வேறு பாதையில் இறங்கினார்கள். மரங்கொத்திகள் பொந்துக்கு வந்தன.

ஆனால் ஊர்வாய் சும்மா இருக்குமா. எர்காஷ் வீட்டு விருந்தாளி காலையில் போய் உட்கார்ந்தால் அந்திக்குத்தான் எழுந்திருக்கிறாள், சாப்பாட்டில் என்னத்தைப் போட்டார்களோ என்று பேச்சாகிவிட்டது. மஸ்தூரா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள், இனி நம் வீட்டில் யார் சாப்பிடுவார்கள் என்று. அன்று மாலையே ஹதீச்சா மாதுளந்தோலைக் கறுக்கக் கறுக்கக் காய்ச்சிக் கொண்டுவந்து வயிறு கட்டும், குடி மகளே என்று நின்றாள். உண்மையைச் சொன்னால் மறுநாள் முதல் ஆளாகக் கோசிம் சலாம் சொல்ல வந்துவிடுவான், படம் இன்னும் அமையவில்லை. சல்தனாத் என்னைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, நன்றி அம்மா என்று கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அந்தப் பெண்ணின் தைரியத்தை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் படம் கிடைத்தது. ஆண் பறவை புழுவோடு வந்து ஒட்டுகிறது, பெண் பறவை உள்ளேயிருந்து எச்சத்தை வாயில் கவ்வி வெளியே வருகிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு குஞ்சு அலகைப் பிளந்துகொண்டு, யார் வந்தாலும் சரி என்பது போல. அதைக் கேமராவிலேயே ஊராருக்குக் காட்டிக் கெண்டி விஷயத்தையும் அவளே சொல்லிவிட்டாள். கோசிம் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். “இத்தன நாளும் ஒரு மரங்கொத்திக்கு மரியாத குடுத்துட்டு நான் கழுத்த ஒடிச்சுக்கிட்டுப் போயிருக்கேன்” என்றான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஹதீச்சா மட்டும் சிரிக்கவில்லை, மருந்து குடித்தது நல்லதுதான் என்றாள்.

கிளம்பும்போது சல்தனாத், வசந்தத்தில் கூட்டத்தோடு வருவதாக உறுதி சொன்னாள், பிறகு என் வீங்கிய முழங்காலைப் பார்த்து, “ஆனா அத்தா, வர்றவங்களக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போக உங்களால ஆகாதே. யாரு வருவா?” என்று கேட்டாள். விருந்தாளி முன் குரல் எழுப்பாத உன் மனைவி வாசல்நிலையில் நின்றபடி சொன்னாள், “என் வீட்டுக்காரர் வருவார்.”

ஆகவே மகனே, வாக்குக் கொடுத்தாயிற்று, கொடுத்தது நானில்லை. குளிர்கால வேலைக்குப் பெயர் கொடுக்காதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், வழியெல்லாம் உனக்குத் திறந்திருக்கட்டும். சாரத்தில் இடுப்புக் கயிறு கட்டாமல் ஏறாதே. கணவாயில் பனி மூடுவதற்கு முன் வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அப்பா எர்காஷ்,
கட்டைவிரல் ரேகை.