இரண்டாம் பத்தியில் ஒரு வரி

கமா ஒன்று விட்டுப்போனாலும் பொறுக்காத என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. மாரெட்பள்ளி வீடு அப்படியேதான் இருக்கிறது. காலையில் பட்டான்செருவுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறேன், சாயங்காலம் திரும்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால், பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். தம்பி ஜெபராஜோடு கப்பலில் இருந்த ஒருவர் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அதைச் சொல்வதற்கு முன், கடற்படையிலிருந்து நமக்கு வந்த அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டும். நாம் இருவரும் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

டெல்லியில் கடற்படைத் தளபதிக்கு நீங்கள் ஸ்டெனோ. தளபதிகள் மாறினார்கள், நீங்கள் மாறவில்லை. தளபதி என்றால் தூரநோக்கியோடு கப்பல் தட்டில் நிற்பவர் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "நாள் முழுக்க ஃபைலும் மீட்டிங்கும்தான்ட்டி. கடலைப் பார்த்தே மாசக்கணக்காச்சுன்னு பெரியவரே சொல்லுதாரு."

ஆனால் ஒரு வேலையை அவர் யார் தலையிலும் கட்ட முடியாது என்பீர்கள். பணியில் ஒரு பையன் இறந்துபோனால், அவன் வீட்டுக்கு அவர் பெயரில் கடிதம் போக வேண்டும். விளிப்பையும் முடிவையும் அவர் தன் பேனாவால் எழுதுவார். நடுவில் மூன்று பத்தி உங்கள் டைப்ரைட்டர். முதல் பத்தியும் மூன்றாம் பத்தியும் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். இரண்டாம் பத்தியில் மட்டும் அந்தப் பையனுக்கே உரிய ஒரு வரி இருக்க வேண்டும். அதற்காகக் கப்பல் கேப்டனுக்கு எழுதிக் கேட்டுக் காத்திருப்பீர்கள்.

நீங்கள் ஓய்வு பெற்று செகந்திராபாத்துக்கு வந்த பிறகு ஜெபராஜ் கடற்படையில் சேர்ந்தான். உங்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் வேறு எங்கே போவான்? ஒரு புயலில், தட்டில் நின்றவனை அலை கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. கடிதம்தான் வந்தது.

தளபதி புதியவர், ஸ்டெனோவும் புதியவர். கடிதத்தின் வாசகம் மட்டும் நீங்கள் டைப் அடித்து வந்த அதே வாசகம். நீங்கள் நின்றபடியே வரிகளுக்குக் கீழே விரலை ஓட்டிப் படித்தீர்கள். பிறகு அம்மாவுக்குத் தமிழில் சொன்னீர்கள். ஓய்வு நேரத்தில் ஜெபராஜ் மவுத் ஆர்கன் வாசித்துக் கப்பலையே சந்தோஷப்படுத்துவான் என்று தளபதி எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். எட்டாம் வகுப்பில் அவன் கேட்டு, பரீட்சை முடியட்டும் என்று நீங்கள் தள்ளிப்போட்டு, கடைசிவரை வாங்கித் தராத மவுத் ஆர்கன். அம்மா அழுகைக்கு நடுவில் சொன்னாள்: "நீங்க வாங்கிக் குடுக்கலைன்னாலும் எம்புள்ள தானே வாங்கிக்கிட்டான், பாத்தியளா?"

அன்றைக்கே அந்த ஆங்கிலத்தை நானும் படித்தேன். மவுத் ஆர்கன் இல்லை. உடன் பணிபுரிந்த அனைவராலும் விரும்பப்பட்டவர் என்று மட்டும் இருந்தது. கொல்லைப்புறத்தில் உங்களிடம் கேட்டேன்.

"கேப்டன் ஒண்ணும் எழுதி அனுப்பலைன்னா நான் போடுத வரிட்டி இது," என்றீர்கள். "எத்தனை வீட்டுக்கு இதையே அனுப்பியிருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. கேப்டன் மேலா, தளபதி மேலா, அந்த வரியைச் செய்து வைத்த உங்கள் மேலா? இன்னும் தெரியவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் இருந்தவனைப் பற்றிச் சொல்ல ஒருவருக்குக்கூட ஒன்றும் இல்லையா, அப்பா? நீங்களும் இதைக் கேட்டுக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது செய்தி. வந்தவர் பெயர் நரசிங்கராவ். கடற்படையில் காலம் முடிந்து குகட்பள்ளி ஹவுசிங் போர்டில் குடியிருக்கிறார். சர்ச்சில் விசாரித்து நம் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். காபி டம்ளர் அவர் கையில் இருக்கும்போதே அம்மா கேட்டுவிட்டாள்.

"ஏன்ப்பா, எம்புள்ள மவுத் ஆர்கன் வாசிப்பானாமே, நீ கேட்டிருக்கியா?"

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஹவ், ஆமா அம்மா," என்றார், கப்பலில் பழகிய தமிழில் ஹைதராபாத் ஹிந்தியைக் கலந்து. "பஹுத் அச்சா வாசிப்பான். நாங்க எல்லாம் சுத்தி உக்காந்து கேப்போம்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு இன்னொரு முறுக்கு வைத்தாள்.

வழியனுப்ப கேட் வரை போனேன். "அக்கா, மவுத் ஆர்கன் நான் பாக்கவே இல்ல," என்றார் தணிந்த குரலில். "அம்மா அப்படிக் கேக்குறாங்க. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"அவனைப் பத்தி வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"காலைல எழுந்திருக்கவே மாட்டான் அக்கா. பத்து தடவை கத்தணும். அப்புறம் அவனே சொன்னான், கத்தாதே, கால் பெருவிரலைப் பிடிச்சு இழு, எங்க அப்பா அப்படித்தான் எழுப்புவார்னு. தினமும் நான்தான் இழுப்பேன்." பிறகு சொன்னார், "அன்னிக்கும் நான்தான் எழுப்புனேன்."

இதைச் சொல்லத்தான் இத்தனை வருடம் கழித்துத் தேடி வந்திருக்கிறார். ஆறுதலாக நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். குகட்பள்ளிக்கு எந்த பஸ் என்று சொன்னேன். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை.

அம்மா இருக்கும்வரை ஜெபராஜ் மவுத் ஆர்கன் வாசிப்பான். அதை நான் கலைக்க மாட்டேன், இது சத்தியம். வீட்டில் இருக்கும் உங்கள் டைப்ரைட்டரைத் தொடாமல், இந்தக் கடிதம் முழுவதையும் கையாலேயே எழுதியிருக்கிறேன். இதைத் தளபதியின் கடிதம் இருக்கும் அதே உறையில் வைக்கப்போகிறேன். நீங்கள் காத்திருந்த வரி வந்துவிட்டது, அப்பா. கடைசிவரை அவனை நீங்கள்தான் எழுப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் மகள்,
ஜெபராஜின் அக்கா,
கிரேஸ்