மரத்தை அடைக்கிற கட்டை

விடியக் காலையில் ஒரு போத்தில் கருப்பநீர், இன்னும் புளிக்காத பனஞ்சாறு, வாசலுக்கு வந்தது. பனை சீவுகிறவர்தான் கொண்டுவந்து வைத்தார். "அண்ணை, மூடி துலைஞ்சுபோச்சு. ஈ விழமுந்திக் குடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பச்சை இனிப்பு மணம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது, மச்சான். புங்குடுதீவில் இருந்துகொண்டு கருப்பநீரை மணந்து சுவீடனை நினைக்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன வருசம் பங்குனியில் நான் அங்கே வந்தது ஊர் பார்க்க அல்ல, உன்னைக் கூட்டிக்கொண்டு வர. இங்கே உன் வளவுக் கிணற்றை இறைப்பித்து, வீட்டு ஓடு மாற்றி, எல்லாம் ஆயத்தமாக வைத்துவிட்டுத்தான் பிளேன் ஏறினேன். உன் மனுசி செத்துப்போன பிறகு அந்தக் காட்டோரத்து வீட்டில் தனியே இருந்து என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"வாறன் மச்சான். காரின்ரை பனிக்கால டயரைக் கழட்டிப்போட்டு வாறன்" என்றாய்.

டயர் கழற்றினோம். பனிக்குக் கீழே ஊறிக் கிடந்த பழைய இலைகளை வாரினோம். யன்னலோரம் முட்டைப் பெட்டிகளில் உருளைக்கிழங்கை முளைக்க அடுக்கினோம். எனக்கு மூக்கு ஒழுகுவது நிற்கவேயில்லை. "கிழங்குக்கு வெயில் காட்டுறாய். எனக்கு ஒருநாள் காட்டினியோ?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்கினாய்.

அதுதான் பேர்ச் மரத்தில் நீர் இறக்குவது. வெள்ளைப் பட்டையில் துளை போட்டு, குழாய் செருகி, வாளி கட்டினாய். தண்ணீர் மாதிரிச் சொட்டியது. "இது இஞ்சத்தைக் கருப்பநீர்" என்றாய். நான் சும்மா இருப்பேனா? நம்மூரில் பனையில் கட்டுகிற முட்டிக்குப் பூசுவதுபோல, வெற்றிலைக்குக் கொண்டுவந்த சுண்ணாம்பை வாளிக்குள் பூசிவிட்டேன். பக்கத்து வீட்டுக் கிழவி வந்து ஒரு மிடறு குடித்தாள். முகம் கோணிப்போய்ப் பூமரத்தடியில் துப்பினாள்.

"என்னடா செய்தனி?"

"புளிச்சுக் கள்ளாகாமல் காவல் போட்டனான்."

"இந்தக் குளிருக்குள்ள எப்பிடியடா புளிக்கும், விசரா!"

மனுசி போன பிறகு நீ வாய்விட்டுச் சிரித்தது அன்றுதானாம். அன்று வந்திருந்த உன் மகள் சொன்னாள்.

துளையை அடைக்க ஒரு கட்டை சீவினாய். "இதை அடிச்சா வேலை முடிஞ்சுது. பிறகு வெளிக்கிடுவம்" என்றாய். சொட்டுவது குறைந்தது. இலை துளிர்த்தது. கட்டை உன் சட்டைப் பையிலேயே கிடந்தது.

"ஏனடா இன்னும் அடைக்கேல்லை?"

"நாளைக்கு."

ஒருநாள் பூக்கன்று வாங்கிக்கொண்டு சவக்காலைக்குக் கூட்டிப்போனாய். உன் மனுசியின் சாம்பலைப் புதைத்த இடத்தில் குந்தியிருந்து, ஊதாப் பூக்களை நட்டு, விரலால் மண்ணை அமத்தினாய். "இந்த வேலையை ஆரட்டை விட்டிட்டு வாறது?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டாய். நான் தண்ணீர் மொண்டுவந்து பூக்கன்றுக்கு ஊற்றினேன். அதற்குப் பிறகு 'வா' என்று நான் கேட்கவேயில்லை.

என்னைப் பிளேன் ஏற்றிவிட வந்தபோது, கட்டையை என் கையில் திணித்தாய். "மரத்துக்கு வேற சீவுறன். இது உன்னட்டை இருக்கட்டும். ஊருக்கு வரேக்க வாங்கிறன்." பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

தை மாதம், இரவு படுத்தவன் அப்படியே போய்விட்டாய். நிலம் பனியில் இறுகிக் கிடந்ததால், இளகும்வரை உன் சாம்பலை வைத்திருந்தார்கள். இன்றைக்குத்தான் மனுசிக்குப் பக்கத்தில் புதைக்கிறார்களாம். மகள் நேற்று போனில் சொன்னாள். டயர், இலை, கிழங்கு என்று பனி போனதும் செய்கிற வேலைகளில் இந்த முறை நீயும் ஒன்றாகிவிட்டாய், பார். இங்கே உன் கிணறு தெளிந்துபோய்க் கிடக்கிறது. அள்ளத்தான் ஆளில்லை.

போத்திலைச் சுற்றி ஈ மொய்க்கத் தொடங்கிவிட்டது. மடியில் இருந்த கட்டையை எடுத்துப் போத்தில் வாயில் வைத்துப் பார்த்தேன். அளவாகத்தான் இருக்கிறது. அமத்த மனம் வரவில்லை.

திரும்ப மடியில் செருகிக்கொண்டேன். ஈ குடித்துவிட்டுப் போகட்டும், மச்சான்.