வானத்துக் கப்பல்

எமர்ஜென்சி போய்த் தேர்தல் நடந்த வருடம். மாதா கோயில் கொடி இறக்கிய மறுநாள். நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

கப்பல் வேலையிலிருந்து வந்த அந்தோணி, சிங்கப்பூர் டெலிவிஷனில் பார்த்த வானத்துக் கப்பல் தொடரைக் கடற்கரையில் சொன்னான். ஊரே வாய் பிளந்து கேட்டது. புது வள்ளம் ஒன்றில் மாதாவுக்குப் பக்கத்தில் அந்தக் கப்பலையும் வரைந்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

“ஏலே, நான் முத்துக் குளிச்சப்ப கடலுக்கடியில பாக்காததையா இவன் பாத்துட்டான்?” என்று ஆரம்பித்தேன்.

“சும்மா இரும் மச்சான். பெறவு அந்தக் கப்பல் எங்கன போச்சுலே, அந்தோணி?” என்றான் லூர்து.

என் பெண்டாட்டியின் தம்பி. நான் மூழ்கும்போது மேலே கயிறு பிடித்தவன். அக்காள் தாலி அறுபட விடமாட்டான் என்று, மச்சானைத் தவிர யாரையும் நம்பி முத்துக் குளிக்கும் நாங்கள் அந்தக் கயிற்றைக் கொடுப்பதில்லை. என் கதைக்கு இத்தனை காலம் சாட்சி சொன்னவனும் அவன்தான்.

அன்று முத்துக் குளிக்க ஒரே தோணியில் வந்தவர்களில் இன்று என்னோடு மிச்சம் இருப்பவன் லூர்து ஒருவன்.