நீ வெட்டிய பாதிப் பேச்சு

டெல்லியில் இருக்கும் மகன் சரத்குமாருக்கு அம்மா காந்தா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய், இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேச்செடுத்தாலே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், முழுதாகப் படி.

உன் மாணிக்கவேல் மாமா இடுப்பெலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். போன வருஷம் ஓரிக்கை வீட்டுக்குள் பாலாற்றுத் தண்ணீர் வந்ததிலிருந்து, தறியைப் பெரிய காஞ்சிபுரத்துக்கு மாற்றிவிடலாமென்று வாடகைக்கு வீடு பார்த்து வைத்திருந்தார். ஆடியில் நீ வந்தபோது, மழை வெயில் பற்றி ஆராய்ச்சி செய்கிற எதிர் வீட்டு சத்யப்ரியாவை நம் கூடத்தில் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தாயே, காபி கொடுத்தவள் நான், காதால் கேட்டவளும் நான். பூமி சூடாகிறது, அதனால் பெருமழை அதிகமாகிறது, அதில் சந்தேகமே இல்லை என்று அவள் சொன்னாள். போன வருஷத்து அந்த ஒரு வெள்ளத்தில் அந்தச் சூட்டின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் ஆராய்ந்துதான் சொல்ல முடியும் என்றாள். உன் செய்தித் தளத்தில் நீ என்ன போட்டாய்? ‘பாலாற்று வெள்ளத்துக்கும் புவி வெப்பத்துக்கும் தொடர்பில்லை: காஞ்சிபுரம் ஆய்வாளர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டாய்.

மாமா அதைப் போனில் பார்த்துவிட்டு, நம்ம ஊருப் பொண்ணே சொல்லிடுச்சு, இன்னொரு வாட்டி வராது என்று வீடு மாற்றுவதை விட்டுவிட்டார். ஐப்பசி மழையில் திரும்பவும் தண்ணீர் வந்தது. தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை அறுத்தெடுக்கப் போனவர் தண்ணீரில் தறிக்குழி தெரியாமல் உள்ளே விழுந்தார். இனிமேல் குழியில் இறங்கித் தறி மிதிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பார்க்கப் போன சத்யப்ரியாவை உன் கிருஷ்ணம்மாள் அத்தை வார்டு வாசலிலேயே நிறுத்தி, “உன் பேச்ச நம்பித்தான் அந்த மனுசன் அங்கயே இருந்தாரு, எந்த மூஞ்சிய வச்சுக்கினு வந்த?” என்று கேட்டாள். அந்தப் பெண் உன் பெயரைச் சொல்லவில்லை, தலை குனிந்து நின்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை, இவள் பேச்சைப் பாதியாக வெட்டிப் போட்டது என் மகன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அத்தை அன்றிலிருந்து என்னோடும் பேசுவதில்லை.

அன்று போனில் உன்னிடம் கேட்டதற்கு, “தலைப்பு அப்படி இருந்தாத்தான் படிக்கிறாங்கம்மா” என்று சொல்லி வைத்துவிட்டாய். படித்தார்களப்பா, படித்தவர் படுத்துக் கிடக்கிறார். இப்போது செய்தியின் அடியில் ‘திருத்தப்பட்டது’ என்று எறும்பு மாதிரி ஒரு வரி சேர்த்திருக்கிறாயாம். அதை யார் பார்ப்பார்கள்? பொய்யை எந்த இடத்தில், எந்த அளவு எழுத்தில் போட்டாயோ, அதே இடத்தில், அதே எழுத்தில் அவள் சொன்னது முழுவதையும் போடு. வேலை போனால் போகட்டும், சோறு நான் போடுகிறேன்.

அதுவரை பொங்கலுக்கு என்று டிக்கெட் எடுக்காதே. போட்ட பிறகு வா, ஆனால் நேராக வீட்டுக்கு வராதே. முதலில் அத்தை வாசலில் நின்று, வெட்டியவன் நான்தான் என்று உன் வாயால் சொல். அப்புறம் சத்யப்ரியா வீடு. அதற்குப் பிறகுதான் நம் வீடு.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு போ, வெந்நீர் குடி. காமாட்சி உனக்கு ஆயுளையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும்.

கோபம் ஆறாத உன் அம்மா,
காந்தா